சொட்டு நின்ற சனிக்கிழமை

கடல் இல்லாத ஊரில் பாய்மரப் படகு வைத்திருக்கத் தனி நெஞ்சுரம் வேண்டும். புனே நகரத்துக்கு அந்த நெஞ்சுரத்தை அருளியவர், ஒரு மென்பொருள் நிறுவனத்தின் கிளைத் தலைவரான சூர்யநாராயணன். நகரம் இதற்கு இன்னும் நன்றி சொல்லவில்லை என்பதை வருத்தத்துடன் பதிவு செய்கிறோம்.

ஊருக்கே குடிநீர் தருகிற ஏரியில் படகு மிதந்தது. அந்த ஏரியில் இன்ஜின் வைத்த படகுக்கு அனுமதி இல்லை. ஆனால் இது, காகிதத்தில், காற்றால் மட்டுமே நகர்வது. புனேக் காற்று நேரம் தவறாமைக்குப் பெயர் போனதல்ல என்பதால் உள்ளே ஒரு டீசல் இன்ஜினும் 'சும்மா' இருந்தது.

ஆயுத பூஜையன்று சூர்யநாராயணன், 'களத்தில் இறங்கும் தலைமை' என்ற தலைப்பில், அந்த இன்ஜினின் ஆயில் ஃபில்டரைத் தம் கையாலேயே மாற்றினார். புகைப்படத்தில் உழைப்பு தெரிய வேண்டுமே என்று மனிதவளத் துறைத் தலைவி ரீனா அவருடைய கன்னத்தில் கொஞ்சம் கிரீஸ் பூசிவிட்டார். இன்ஜினுக்குச் சந்தனம் வைத்தார்கள், குங்குமம் வைத்தார்கள், எலுமிச்சம்பழம் நசுக்கினார்கள். அன்று மாலை படத்துக்கு 'லைக்' கொட்டியது. மறுநாள் இன்ஜினிலிருந்து ஆயில் சொட்டியது.

"இதை யார் ஓன் பண்ணிக்கறீங்க?" என்று சூர்யநாராயணன் அலுவலகத்தில் கேட்டார். எல்லோரும் மடிக்கணினியைப் பார்த்தார்கள். சங்கரன் மட்டும் கொட்டாவியை மறைக்கக் கையைத் தூக்கினார். அந்த நொடியிலிருந்து படகு சூர்யநாராயணனுடையது, கசிவு சங்கரனுடையது.

ப்ராஜெக்ட் மேனேஜரான சங்கரனால் அதை மறுக்க முடியவில்லை. கோயமுத்தூர்க் கிளைக்கு மாற்றல் கேட்டு மூன்று வருடமாக அவர் காத்திருந்தார். அங்கே ஒரு பள்ளியில் அவர் மனைவி ஆனந்தவல்லிக்குக் கணக்கு டீச்சர் வேலை கிடைத்திருந்தது. ஜனவரிக்குள் வந்து சேரச் சொல்லியிருந்தார்கள். ஆனந்தவல்லி செயல்வீராங்கனை. புனேயின் ஔந்த் பகுதியில் இருந்த அவர்களுடைய ஃபிளாட்டில் பாதிச் சாமான்கள் ஏற்கெனவே அட்டைப்பெட்டிக்குள் போய்விட்டன. தண்ணீர் சுத்திகரிக்கிற மெஷினைக்கூடச் சுவரிலிருந்து கழற்றிக் கட்டி, மேலே 'கோயமுத்தூர்' என்று எழுதிவிட்டாள்.

"ஏனுங்க, மாத்தல் வருதுங்களா, வரலீங்களா?"

"கசிவு முடியட்டும் வல்லி. அதுக்கப்புறம்தான் பேசுவேன்னு சொல்லிட்டாரு."

"ஒரு வாஷர் மாத்தறதுக்கு எத்தனை நாளைக்குங்க கூட்டம் போடுவீங்க?"

மென்பொருள் தெரியாதவர்கள் இப்படித்தான் அவசரப்படுவார்கள். இன்ஜினைப் போய்ப் பார்ப்பது யாருக்கும் வரும். பார்க்காமலேயே மூல காரணத்தைக் கண்டுபிடிப்பதற்குத்தான் படிப்பு வேண்டும். ஐந்து முறை 'ஏன்' என்று கேட்டால் எந்தச் சிக்கலின் வேரும் கையில் வந்துவிடும் என்பது நிறுவனத்தின் கொள்கை. கூட்டத்தை ரீனா நடத்தினார்.

"ஏன் ஆயில் கசியுது?"

"இன்ஜின்ல ஆயில் இருக்கறதால," என்றான் ஷ்யாம். அவன் தரவுப் பகுப்பாய்வு நிபுணன்.

"எக்ஸலண்ட். ஏன் இருக்கு?"

"புதுசா ஊத்தினோம்."

"ஏன் ஊத்தினோம்?"

"ஃபில்டரை மாத்தினதால."

"ஏன் மாத்தி... அதாவது, மாத்தினது யாரு..."

மேசையின் தலைமாட்டில் டீ உறிஞ்சும் சத்தம் கேட்டது. சூர்யநாராயணன் கோப்பைக்கு மேலாக ரீனாவைப் பார்த்தார். மூன்று 'ஏன்'களே உலகத் தரத்துக்குப் போதுமானவை என்று ரீனா அறிவித்தார். 'மூல காரணம்: ஆயில்' என்று குறிப்பு எழுதப்பட்டது. கைதட்டினார்கள். சங்கரனும் தட்டினார்.

நிறுத்த முடியாததை அளக்க வேண்டும் என்பது அடுத்த கட்டம். ஷ்யாம் இன்ஜினுக்கு அடியில் ஒரு சென்சாரைப் பொருத்தினான். ஒவ்வொரு சொட்டு விழும்போதும் எல்லோருடைய செல்போனிலும் 'டிங்' என்று மணி அடிக்கும். அலுவலகச் சுவரில், 'டேஷ்போர்டு' என்கிற திரையில், ஒரு பச்சைக் கோடு மேலே ஏறும். அந்தக் கோட்டின் அழகைப் பார்த்துச் சூர்யநாராயணனுக்குக் கண் கலங்கியது. "இது கசிவு இல்லப்பா, புராடக்ட்!" என்றார். 'சொட்டுமணி' என்று பெயர் வைத்தார்கள். குழாய் வழியாக எண்ணெய் அனுப்பும் ஒரு மும்பை நிறுவனத்தின் துணைத் தலைவர் அந்தோணி, ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து பார்ப்பதாக ஒப்புக்கொண்டார்.

சனிக்கிழமை காலை படகைத் துடைத்து வைக்கச் சங்கரனை அனுப்பினார்கள். கூட்டம் இல்லை, ரீனா இல்லை, குறிப்பெடுக்க யாரும் இல்லை. இந்தத் தனிமைதான் எல்லாக் கோளாறுக்கும் காரணம். சும்மா இருக்கமாட்டாமல் அவர் ஃபில்டரைத் திருகிக் கழற்றினார். உள்ளே ஒரு ரப்பர் வாஷர் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு இருந்தன. பழைய ஃபில்டரைக் கழற்றியபோது அதன் வாஷர் இன்ஜினோடு ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது. காமிராவைப் பார்த்துச் சிரித்தபடியே அதன்மேல் புது ஃபில்டரைத் திருகியிருந்தார் சூர்யநாராயணன். வாஷரின் ஓரத்தில் குங்குமம் இன்னும் இருந்தது.

சங்கரன் பழைய வாஷரை உரித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, ஃபில்டரைத் திரும்ப மாட்டினார். குறைந்திருந்த ஆயிலை ஊற்றி நிரப்பி, இன்ஜினை ஓடவிட்டார். குனிந்து பார்த்தார். ஒரு சொட்டுகூட இல்லை. இருபது வருட உத்தியோகத்தில் தம் கையால் ஒரு காரியம் முடிந்து பார்ப்பது அவருக்கு இதுவே முதல் தடவை. மனசு பூரித்துப்போயிற்று. வல்லிக்குப் போன் போட்டு, "மிச்சத்தையும் கட்டிரு!" என்று கத்தினார்.

போனை வைப்பதற்குள் ஷ்யாம் அழைத்தான்.

"சார், சென்சார் செத்துப்போச்சு! கோடு படுத்துடுச்சு!"

"சென்சார் நல்லாத்தான் இருக்கு. கசிவு நின்னுருச்சு. நான்தான் நிறுத்தினேன்."

ஷ்யாம் போனை ஸ்பீக்கரில் போட்டான்.

"யாரைக் கேட்டு சார் நிறுத்தினீங்க?"

அவசரக் கூட்டம் போனிலேயே கூடியது. ரீனாவின் குரலில் துக்கவீட்டு அடக்கம் இருந்தது. "சங்கரன், எங்க எல்லாருக்கும் அதிர்ச்சியா இருக்கு. பிராசஸ்னு ஒண்ணு இருக்கில்ல?"

"ரெண்டு வாஷர் இருந்துச்சு மேடம். ஆயுத பூஜை அன்னிக்கு..."

"பேர் எதுவும் சொல்ல வேணாம்," என்று ரீனா அவசரமாகக் குறுக்கிட்டார்.

சூர்யநாராயணன் கோபப்படவில்லை. பெரியவர்கள் கோபப்படுவதில்லை. "சங்கரன், நாளைக்கு அந்தோணி வரார். சொட்டாத இன்ஜினை வச்சு நான் அவருக்கு என்னத்தைக் காட்டுவேன்? உங்க கோயம்புத்தூர் ஃபைல் என் டேபிள் மேலதான் இருக்கு. இப்பத்தான் பேனாவைத் திறந்தேன்."

சங்கரன் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார். வல்லி இந்நேரம் டீச்சர் வேலைக்கான புடவைகளை மடித்துக்கொண்டிருப்பாள். அவருக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே ஃபில்டரைக் கழற்றி, பழைய வாஷரை இருந்த இடத்திலேயே வைத்துத் திருகினார். ஒருமுறை உரித்தெடுத்த வாஷர் என்பதால் கசிவு முன்பைவிடத் தாராளமாக இருந்தது. 'டிங், டிங், டிங்' என்றது போன். 'வெல்டன்!' என்று பதினோரு பேர் கட்டைவிரலை அனுப்பினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சி அமோகம். படகு ஏரியின் நடுவே நின்றது. சொட்டு விழுந்தது, மணி அடித்தது, கோடு ஏறியது. அந்தோணி குழந்தைபோல் குதூகலித்தார். பிறகு ஒரு சந்தேகம் கேட்டார்.

"சரி, விழற ஆயில் எங்கே போகுது?"

"டேஷ்போர்டுக்கு சார்," என்றான் ஷ்யாம்.

அது எங்கே போகிறது என்று சங்கரனுக்குத் தெரியும். படகின் அடியில் தேங்கும் தண்ணீரைத் தானாக வெளியே தள்ள ஒரு சின்ன பம்பு இருந்தது. அது தண்ணீர், ஆயில் என்று வேற்றுமை பாராட்டாது. படகின் பக்கவாட்டுத் துளையிலிருந்து ஏரியின்மேல் வானவில் நிறத்தில் ஒரு படலம் ஔந்த் பக்கமாக நகர்ந்துகொண்டிருந்தது. சங்கரன் வாயைத் திறந்தார். சூர்யநாராயணன் அவரைப் பார்த்துப் புன்னகைத்தார். சங்கரன் வாயை மூடிக்கொண்டார். அப்போது அவருக்குத் தம்மேலேயே அருவருப்பு வந்தது. ஆனால் அது எந்த டேஷ்போர்டிலும் பதிவாகவில்லை.

ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. நிறுவனம் நன்றி மறக்கவில்லை. இப்படி ஒரு கசிவைக் கட்டிக்காக்கும் திறமைசாலியைக் கோயமுத்தூருக்கு அனுப்பி வீணாக்குவதா என்று சூர்யநாராயணன் பேனாவை மூடிவிட்டார். சங்கரனுக்குப் பதவி உயர்வு கிடைத்தது. வாடிக்கையாளர்கள் வந்துகொண்டே இருந்ததால், இன்ஜின் வறண்டுபோய்ச் சொட்டு நின்றுவிடாதபடி சனிக்கிழமைதோறும் அவரே போய் ஆயில் ஊற்றினார். புது விசிட்டிங் கார்டு வந்தது. ஆனந்தவல்லி அதைப் படித்தாள், ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினாள். பெட்டிகளைப் பிரிக்க அவளுக்கு மனசு வரவில்லை. ஜனவரி அதன்பாட்டுக்கு வந்து போனது.

பிப்ரவரியில் ஒருநாள் காலை, குழாயில் பிடித்த தண்ணீரைச் சொம்போடு தூக்கிக்கொண்டு அவள் ஹாலுக்கு வந்தாள்.

"ஏனுங்க, இங்க பாருங்க. தண்ணி மேல என்னமோ கலர் கலரா மெதக்குது. மோந்து பார்த்தா மெக்கானிக் ஷெட்டாட்டம் நாத்தம் அடிக்குது."

சங்கரன் எட்டிப் பார்த்தார். அவருக்கு அடையாளம் தெரிந்தது. "காய்ச்சிக் குடிச்சாச் சரியாப் போயிரும்," என்றார்.

"ஊரே குடிக்கிற தண்ணிங்க! இதுக்கெல்லாம் யாருங்க பொறுப்பு? பேரு ஊரு தெரிஞ்சா நேராப் போயி நாலு கேள்வி கேட்டுட்டு வந்துருவேன்."

பாலை எடுக்க அவள் ஃபிரிட்ஜ் பக்கம் திரும்பினாள். அவள் மூக்குக்கு நேராக அந்தக் கார்டு இருந்தது:

'சங்கரன், தலைமைக் கசிவுப் பொறுப்பாளர், புனே.'