அளவு தெரியாத ஆள்

குளியலறைக்குள்ளிருந்து மனைவியின் சிரிப்பு மறுபடியும் கேட்டதும், தையல்காரரின் கால் மிதியில் எக்குத்தப்பாக அழுத்தியது. ஊசி முறிந்தது. காலையிலிருந்து இது மூன்றாவது ஊசி.

உள்ளே இருந்தவன் கைப்பிடி மாட்ட வந்த ஆள். மூட்டுவலி என்று அவள் முதியோர் உதவி மையத்தில் சொல்லிவைக்க, வழுக்கி விழாதபடி வீட்டைத் திருத்திக் கொடுக்க அவர்கள் அனுப்பியிருந்தார்கள். அடர்ந்த மீசை, அகன்ற தோள். அவனுக்கு அவள் பூப்போட்ட கோப்பையில் டீ கொடுத்தாள். சம்பந்தி வந்தால் மட்டுமே அலமாரியை விட்டு இறங்கும் கோப்பை அது. கட்டிய கணவனுக்கு எவர்சில்வர் டம்ளர்தான்.

எட்டிப் பார்த்தார். குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்த இருவரும் அவரைக் கண்டதும் நிறுத்திக்கொண்டார்கள்.

மீசைக்காரன் போனதும் கைப்பிடியைப் பார்த்தார். மனசு கொஞ்சம் குளிர்ந்தது. அதைப் பிடிக்க அவள் பஸ்ஸில் தொங்குகிற மாதிரி கையைத் தூக்க வேண்டும். அவரோ பார்த்த பார்வையிலேயே தோள் அளவு சொல்லிவிடுகிறவர். அவள் பக்கத்து வீட்டுக்குப் போன நேரம் பார்த்துக் கைப்பிடியைக் கழற்றி, அவள் உயரத்துக்குச் சரியாக இறக்கி மாட்டினார். துளை போட்ட இடத்தில் டைல்ஸ் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் விரிசல் விட்டது.

விளைவு, மறுநாளே மீசைக்காரன் வந்து நின்றான். டீயோடு பிஸ்கட்டும் சேர்ந்துகொண்டது. கைப்பிடி பழைய உயரத்துக்கே ஏறியது. அவளே பக்கத்தில் நின்று இடம் காட்டினாள். போகிற போக்கில் அவன் கட்டில் கால்களுக்கு அடியில் கட்டைகளையும் வைத்து உயர்த்திவிட்டுப் போனான்.

கட்டிலில் அவள் உட்கார்ந்தபோது கால் தரையில் படாமல் ஆடியது.

"உனக்கு இது உயரமா இல்ல?"

"தம்பி செஞ்சா சரியாத்தாங்க இருக்கும்."

அந்தத் 'தம்பி'தான் அவரை ரம்பத்தைத் தேட வைத்தது. ஒரு கட்டையை அறுத்தார், கட்டில் ஆடியது. ஆட்டத்தை நிறுத்த அடுத்ததை அறுத்தார். வேறு பக்கம் ஆடியது. இப்படியே மாற்றி மாற்றி அறுத்ததில் கட்டைகள் பலகைத் துண்டுகளாகிக் கட்டில் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. எழுந்தபோது கண் இருட்டியது. வழக்கம்போலச் சுவரைப் பிடித்துக்கொண்டு, அது தெளியும்வரை நின்றார். அவளிடம் இதையெல்லாம் அவர் சொன்னதில்லை. சொன்னால் ஊரைக் கூட்டிவிடுவாள்.

மீசைக்காரனுக்கு மறுபடி போன் போனது. புதுக் கட்டை வைத்து முடித்தவனை அவள் சாப்பிடாமல் விடவில்லை. தையல்காரருக்கென்று எடுத்து வைத்திருந்த பெரிய மீன் துண்டு, அவர் கண்ணெதிரே அவன் தட்டுக்குப் போனது.

அவள் தண்ணீர் எடுக்க உள்ளே போனாள். அவருக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இங்க பாருப்பா. சிரிச்சுச் சிரிச்சுப் பேசினா வேலை தெரிஞ்சவன்னு ஆகிடாது. கைப்பிடி அவளுக்கு எட்டல, கட்டில்ல கால் ஊனல. நீ செஞ்சதுல ஒண்ணாவது அவ அளவுக்கு இருக்கா?"

அவன் சாப்பிடுவதை நிறுத்தினான். உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னான்:

"அம்மா அளவு இல்லீங்கய்யா, நீங்க மத்தியானம் தூங்கறப்போ, உங்க டேப்பை வச்சே உங்களை அளந்து கொடுத்தாங்க."