மாமா, பாம்பைத் தெருவுக்கு இழுத்தது நீங்கள்தான்

மதிப்புக்குரிய கைர்கெல்தி மாமாவுக்கு,

பவுர்சாக்கைப் பேருந்தில் ஏற்றியது நான் அல்ல, நீங்கள்தான். இதை முதலில் எழுதிவிட்டுத்தான் நலம் விசாரிக்க முடியும். அத்தை சுகமா, பிள்ளைகள் சுகமா? நம் வழக்கப்படி ஆடு, குதிரைகளையும் விசாரிக்க வேண்டும். நீங்கள் ஐந்தாம் மாடியில் இருக்கிறீர்கள், அதனால் என் வீட்டுக் கால்நடையைப் பற்றி நானே சொல்லிவிடுகிறேன். அது ஒரு சோளப்பாம்பு. விஷம் கிடையாது. எண்ணெயில் பொரித்த நம் பவுர்சாக் பலகாரம் போலச் சிவந்து சுருண்டு கிடக்கும், அதனால் அந்தப் பெயர்.

நேற்று அம்மாவிடம் தொலைபேசியில் கத்தினீர்களாம், "உன் மக பாம்பத் தூக்கிட்டு ஊர் மேயுறா, என் நாற்காலிக்கே ஆபத்து" என்று. மாமா, பாம்பை வெளியே கொண்டு போகக் கூடாது என்பதுதான் என் கட்சியும். பாம்புக்கு ஊர் சுற்றும் ஆசை கிடையாது. பூங்காவில் மலைப்பாம்பைக் குழந்தைகள் கழுத்தில் போட்டுப் படம் எடுக்கிறவனோடு நான் சண்டையே போட்டிருக்கிறேன். பயப்படுகிறவர்களும் நிம்மதியாகப் பயணம் செய்ய வேண்டும். எல்லாம் சரி. ஆனால் நிலக்கரியின் மேல் உட்கார்ந்திருக்கிற இந்த ஊரில், வீடுகளுக்குக் குழாய் வழியாகச் சூடு அனுப்பும் வெப்ப வாரியத்தின் தலைவர் நீங்கள். குழாய் வெடித்து எங்கள் கட்டிடம் ஐஸ் பெட்டியாகிக் கிடக்கும்போது, "எல்லா வீடும் கதகதப்பாக இருக்கிறது" என்று தொலைக்காட்சியில் சொன்னீர்கள். ஆளுக்கொரு மின் அடுப்பைப் போட்டதில் மின்சாரமும் போயிற்று. குளிர் ஏறினால் பவுர்சாக் செத்துவிடும்.

சுடுதண்ணீர் பாட்டில்களுக்கு நடுவில் அதை வைத்துவிட்டுத்தான் வேலைக்குப் போனேன். பாட்டில் ஆறியதும் அது சூட்டைத் தேடி, குழாய் போகிற ஓட்டை வழியாகப் பக்கத்து வீட்டு ஊல்ஜான் அக்காவின் சமையலறைக்குள் போயிருக்கிறது. பாம்பு வீட்டுக்குள் வந்தால் நாம் அடிக்கவா செய்வோம்? அக்கா முறைப்படி அதன் தலையில் அய்ரான் மோரை ஊற்றி, கும்பிடு போட்டு, துடைப்பத்தால் வாசல் காட்டிக் கதவைச் சாத்திவிட்டார். நான் வந்தபோது படிக்கட்டில் வெள்ளைத் தலையோடு விறைத்துக் கிடந்தது.

"மரியாதையாத்தான் அனுப்பி வச்சேன்டி, ஒரு குறையும் வைக்கல."

"அக்கா, இது என் பாம்பு! வெளிய போனா செத்துடும்!"

"இத மொதல்லயே சொல்றதுக்கென்ன, திருட்டுக் கழுத! எங்கதான் போகும் பாவம், இந்தக் குளிர்ல?" என்றவர், தன் கம்பளிச் சால்வையை உருவி, பாம்பை என் வயிற்றோடு சேர்த்துக் கட்டிவிட்டார்.

அன்றிலிருந்து எங்கே சூடு உண்டோ அங்கே நாங்கள். பேருந்தில் சூடு உண்டு. அங்கேதான் அது என் காலர் வழியாக எட்டிப் பார்த்தது.

"பொண்ணே, ஒன் மஃப்ளர் நாக்க நீட்டுது!" என்று ஒருவர் அலறினார். ஓட்டுநர் திரும்பாமலே, "அதுக்கு டிக்கெட் எடுத்தாச்சா?" என்றார். "எறக்குங்க அவள! இதெல்லாம் வெளிய கொண்டாற சாமானா?" என்று ஒரு அம்மா கத்தினார்.

"வீட்டுல சூடு இல்லம்மா. வச்சிருந்தா செத்துடும்."

"எந்தப் பக்கம் வீடு?"

"ரயிலடிப் பக்கம்."

"அட, எங்களுக்கும் அதே கதிதான்! என் பேரன் தொப்பி போட்டுட்டுத்தான் தூங்குறான்."

அப்புறம் யாரும் பாம்பைப் பற்றிப் பேசவில்லை மாமா. உங்களைப் பற்றித்தான் பேசினார்கள். அலறியவர் இறங்கும்போது, "மூடிக்கம்மா, காத்து பட்டுடப் போகுது" என்று என் காலரைக் காட்டினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பேருந்தில் எவனோ எடுத்து ஊரெல்லாம் பரப்பிய படத்தில் இதெல்லாம் வரவில்லை, பவுர்சாக்கின் நாக்கு மட்டும்தான் வந்தது.

தங்கை பிள்ளை மூன்று முறை எதைக் கேட்டாலும் தாய்மாமன் தட்டக்கூடாது என்பது நம் வழக்கம். சைக்கிள் கேட்டேன், கொடுத்தீர்கள். நரித்தோல் தொப்பி கேட்டேன், முனகிக்கொண்டே கொடுத்தீர்கள். மூன்றாவதை இன்னும் கேட்கவில்லை.

குடும்ப மானத்துக்காக வாக்குக் கொடுக்கிறேன்: இனிமேல் பவுர்சாக்கைப் பொது இடத்துக்குக் கொண்டு வரமாட்டேன். அத்தைக்கு என் முத்தங்கள். உங்கள் கூரையின் கீழ் என்றும் அடுப்பு அணையாதிருக்கட்டும்.

உங்கள் தங்கை மகள்,
அக்மரால்

பி.கு.: இதை உங்கள் அலுவலகக் கூடத்தில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். ஊரிலேயே சூடான பொது இடம் இதுதான். பவுர்சாக் மடியில் சுகமாகத் தூங்குகிறது. ஊல்ஜான் அக்கா எல்லோருக்கும் தேநீர் ஊற்றுகிறார். பேருந்து அம்மா பேரனோடு வந்திருக்கிறார், அவன் தொப்பியைக் கழற்றிவிட்டான். எங்கள் கட்டிடத்தில் பாதிப் பேர் இங்கே இருக்கிறார்கள், மீதிப் பேர் வந்துகொண்டிருக்கிறார்கள். நீங்கள் வெளியூர் போயிருப்பதாக உங்கள் செயலாளர் சொல்கிறார். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அரைக்கைச் சட்டையோடு வியர்வை துடைப்பது யார் என்று எனக்குத் தெரியும். இதைக் கதவுக்கடியில் தள்ளுகிறேன். மூன்றாவதைக் கேட்கிறேன் மாமா: எங்கள் கட்டிடத்துக்குச் சூடு. வெளியே வந்து, எப்போது என்று சொல்லுங்கள்.