மகுடவர்மனின் இடப்பக்க மீசை

வாழ்க நல்லரத்தினம்! வவுணதீவு வயல்வட்டையிலே மூன்று ஏக்கருக்கு முடிசூடிய வேந்தே, மாட்டை அதட்டும்போதும் நாடக வசனத்தில் அதட்டும் நாவலரே, முறுக்கிய நுனியிரண்டும் கன்னத்தைத் தொட்டு நிற்கும் மீசையின் காவலரே, உம்மைப் பாடத் துணிந்தோம். எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் நடுவே படுத்துக் கிடந்து இரு கரையின் வழக்கையும் கேட்டுக்கொண்டிருக்கும் வாவித்தாயே, எமக்குக் கொஞ்சம் துணை நில். யாம் சொல்லப் புகுவது தொண்ணூற்றேழாம் ஆண்டில் ஒரு புதன்கிழமை பின்னேரம் நாவற்குடாச் சலூன் ஒன்றில் நடந்த பெரும்போர். துவக்கும் குண்டும் கொண்ட போர் அதற்கு வெளியே தன்பாட்டில் நடந்துகொண்டிருந்தது. அதைப் பாட வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

போரின் மூலம் இது. இரு கரையும் போற்றும் கலைவாருதி நாடகக் கம்பனியை இருபது ஆண்டாகத் தனிக்குடையில் ஆண்டுவந்தவர் வினாயகமூர்த்தி. பகலெல்லாம் தபாற்கந்தோரில் முத்திரை குத்துகிற அம்மனிதர், மேடையேறினால் மகுடவர்மச் சக்கரவர்த்தி. மார்பில் அம்பு தைத்த பின்னும் முக்கால் மணித்தியாலம் பேசி, பேசி முடித்த பிறகே தலையை இடப்பக்கம் சாய்த்து உயிர் துறப்பவர். அவருக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தார் அழகரத்தினம் வாத்தியார். மகுடம் வேண்டாம், வாள் வேண்டாம், ஒட்டுமீசை அறவே வேண்டாம், இனி நாம் போடவேண்டியது ‘கூப்பன் கடை’ என்னும் சமூக நாடகம், அதில் சனங்கள் வரிசையில் நின்று கதைப்பார்கள், கடை பூட்டியதும் நாடகம் முடியும் என்றார் அவர். கம்பனி இரண்டாகப் பிளந்தது. ரசிகர்கள் அதற்கு முன்பே பிளந்திருந்தார்கள். கடைசியில் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. வருகிற ஞாயிறு பகல் மகுடவர்மன் மறுபடி மேடையேறுவான். மண்டபம் நிறைந்தால் வினாயகமூர்த்தியே தலைவர். நிறையாவிட்டாலோ, நாடகமே நடக்காவிட்டாலோ, தலைமை வாத்தியாருக்கு.

நல்லரத்தினம் மன்னர் பக்கம். மன்னரின் மீசை முறுக்கையே பார்த்துத் தன் மேலுதட்டில் வளர்த்தவர் வேறு எந்தப் பக்கம் நிற்பார்? அந்த மீசையின் நுனியை ஞாயிற்றுக்கிழமைக்காகக் கத்தரித்துச் சீராக்கவே அன்று சைக்கிளில் பாலம் கடந்து வந்து, ஒரே ஒரு சுழல் நாற்காலியும் மூலை உடைந்த கண்ணாடியும் கொண்ட இளையதம்பியின் சலூனில், வெள்ளைத் துணி கழுத்தில் போர்த்து வீற்றிருந்தார்.

இளையதம்பியோ வாத்தியார் கட்சி. கம்பனியின் சடாமுடிகளும் தாடிமீசைகளும் அவர் பொறுப்பில், ஒரு பிஸ்கற் தகரத்துக்குள் இருந்தன. இருபது ஆண்டாக அவற்றைச் சீவி, எண்ணெய் தடவி, மேடைக்குப் பின்னால் நின்று அரசர்களுக்கு ஒட்டிவிட்டவர் அவர். ஒரு நோட்டீசிலாவது அவருடைய பெயர் வந்ததில்லை. அந்தக் கோபம் நெஞ்சுக்குள் கிடந்து புகைந்துகொண்டே இருந்தது.

சங்கு ஊதவில்லை, முரசு அதிரவில்லை, சவரக்கத்தி தோல்வாரில் இருமுறை தீட்டப்பட்டது; போர் தொடங்கிற்று. சுவரோர வாங்கில் உட்கார்ந்து தன் முறைக்காகக் காத்திருந்த காத்தான்குடித் துணி வியாபாரி றவூப், அரசர்களுக்கு வெல்வெட்டுத் துணி கொடுத்த உரிமையால் தன்னைத் தானே நடுவராக நியமித்துக்கொண்டார். மன்னர் நாடகத்தில் வரும் யானை வெறும் சாக்குப்பை என்றார் இளையதம்பி. அந்தச் சாக்குப்பையைக் கண்டு பிள்ளைகள் அழுததை மறந்தீரோ என்றார் நல்லரத்தினம். வாத்தியார் படித்தவர் என்று ஓர் அம்பு பறந்தது. படித்தவரின் நாடகத்தில் பாட்டே இல்லை என்று அது வழியிலேயே முறிக்கப்பட்டது. கன்னங்கள் இரண்டும் மழிக்கப்பட்டன. இருவரும் விடவில்லை.

அப்பொழுது நம் வீரர் முழங்கினார்.

“ராசா இல்லாத நாடகத்தப் பாக்க நான் என்னத்துக்கு ஆறு தாண்டி வாறன்? கூப்பன் கடையில சனம் நிக்கிறத ஊட்டுக்குப் பக்கத்திலேயே பாக்கலாம்தானே.”

இளையதம்பி கத்தியைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “செத்தவன் முக்கால் மணித்தியாலம் கதைக்கிறான், அண்ண. நாம பாத்த சாவுல ஒருத்தனும் ஒரு சொல்லுக் கதைக்கல்ல.”

விதைக்கப் போக முடியாமல் வட்டை காய்ந்து கிடந்த இரண்டு போகத்திலும் நல்லரத்தினம் அழுததில்லை. தம்பியைக் கூட்டிக்கொண்டு போனவர்கள் திருப்பி அனுப்பாதபோதும் அழுததில்லை. மகுடவர்மன் செத்த அன்று மட்டும் துவாயால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அது அவருக்கு வெட்கமாகவும் இருந்தது, ஆறுதலாகவும் இருந்தது.

“அதாலதான் நான் போறன்,” என்றார். “அவனாவது கதைக்கட்டும்.”

அத்துடன் நிறுத்தியிருந்தால் வெற்றி அவருக்கே. ஆனால் வீரர்களுக்கு நிறுத்தத் தெரிவதில்லை. மன்னர் எப்படிச் சாவார் என்பதைக் காட்டியே தீருவேன் என்று, மேலுதட்டின் ஓரத்தைச் சீராக்கக் கத்தி வைக்கப்பட்டிருந்த அந்தக் கணத்திலே, இரு கையும் விரித்து, கண் செருகி, அம்பு தைத்த பெருமூச்சு ஒன்றை விடுத்து, தலையைப் படாரென்று இடப்பக்கம் சாய்த்தார்.

இடப்பக்க மீசை வெள்ளைத் துணியில் கிடந்தது.

இளையதம்பி படிகாரக் கட்டியைத் தேடினார், காயமே இல்லாத இடத்தில் தேய்த்தார். நல்லரத்தினம் கண்ணாடியில் முகத்தை இடமும் வலமும் திருப்பிப் பார்த்தார். நடுவர் றவூப்தான் எழுந்து வந்து தீர்ப்பு வாசித்தார்.

“அண்ணன், உங்கட ஐ.சி.ய, அடையாள அட்டைய, ஒருக்கா எடுங்க. பாருங்க, முழு மீசை. மத்தப் பக்கத்தையும் எடுத்தா, படத்தில இரிக்கிறது ஆரு எண்டு பாலத்தடியில ஆமிக்காரன் கேப்பான். எடுக்காட்டி, மூஞ்சி ஏன் இப்பிடி இரிக்கி எண்டு கேப்பான்.”

பாலத்துச் சோதனைச் சாவடி ஐந்தரைக்கு மூடப்படும். மணி நாலேகால். இக்கரையில் தங்கலாமென்றால், வீட்டுப் பதிவில் பெயரில்லாத ஆணைத் தங்கவைத்த வீட்டுக்காரனும் படையினரிடம் அகப்படுவான். அக்கரையில் மனைவி புஸ்பம் தனியாக இருந்தாள். அந்தக் காலத்தில் காலையில் பாலம் கடந்து போன ஆண் இருட்டுமுன் வராவிட்டால் வீட்டிலிருப்பவள் நினைப்பது ஒன்றே ஒன்றுதான்.

இளையதம்பி பிஸ்கற் தகரத்தைத் திறந்தார். மந்திரியின் மீசை நரைத்திருந்தது. சேனாபதியின் மீசை எலிவால். பொருந்தக்கூடியது ஒன்றுதான்: மகுடவர்மனின் மீசை. ஆனால் அது கடைசி வரிசைக்கும் தெரியவேண்டுமென்று காதுவரை நீண்டது. அதை முழுதாக ஒட்டிக்கொண்டு சாவடிக்குப் போனால் ஊரே சிரிக்கும், சிப்பாய் சிரிக்கமாட்டான். இடப்பாதியைத் தனியே வெட்டி அளவாகக் குறைத்தால் மட்டுமே எஞ்சிய வலப்பக்கத்துக்கு இணையாகும். வெட்டினால் அதோடு முடிந்தது. சண்டைக்கு முன்னே கொழும்பில் வாங்கிய சாமான். இனி வாங்கிவர வழியில்லை. அந்த மீசை இல்லாமல் மேடையேறுவதில்லை என்பது வினாயகமூர்த்தியின் இருபதாண்டு விரதம். ஞாயிற்றுக்கிழமை மன்னர் வரமாட்டார். கம்பனி வாத்தியாருக்குப் போகும்.

நல்லரத்தினம் தகரத்துக்குள் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு “வெட்டு” என்றார்.

வாத்தியார் கட்சி வென்றது. வென்றவரோ கத்தரிக்கோலைப் பிடித்தபடி அசையாமல் நின்றார். இருபது வருசமாத் தன் கையால் சீவின மீசை என்று முணுமுணுத்தார், கண் கலங்கிவிட்டது. தோற்றவரே அவர் தோளைத் தட்டி, பரவாயில்லை, நேரம் போகுது என்று தேற்ற வேண்டியிருந்தது. றவூப் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கத்தரிக்கோல் பேசிற்று. பசை காயும்வரை இளையதம்பி தன் இரு விரலால் அந்த இடப்பக்கத்தை அழுத்திப் பிடித்திருந்தார்.

அதன்பின் புறப்பட்டார் நம் வேந்தர். ஒரு கையில் சைக்கிளும் மறு கையில் மீசையுமாக, வாவிக்காற்றுக்கு முகம் கொடுக்காமல் கழுத்தைத் திருப்பி, தும்மல் வந்தபோது குலதெய்வத்தை நேர்ந்து அடக்கி, தெரிந்தவர் கூப்பிட்டபோது வாய் திறவாமல் தலையசைத்து, பட்டினம் கடந்து, பாலம் மிதித்து, கேள்வி எதுவானாலும் உதடு அசையாமல் விடை சொல்லும் வித்தையை வழியெல்லாம் பயின்று, தன் சக்கரவர்த்தியைப் பலிகொடுத்துப் பெற்ற இடப்பக்கத்தை மேலுதட்டில் தாங்கி, அடையாள அட்டையை உயர்த்திய கையுடன், நெஞ்சு முரசாக அதிர, சாவடியின் முன்னே சைக்கிளை விட்டு இறங்கி நின்றார்.

அன்றைக்கு அங்கே ஒருவரிடமும் அடையாள அட்டை கேட்கவில்லை.