விலக்குப் பிடித்த மல்யுத்தம்

நான் ஒரு காலத்தில் தொழில்முறை மல்யுத்த வீரனாக இருந்தேன். சிரிக்க வேண்டாம். (சிரித்தாலும் பரவாயில்லை, என் அக்காமார் சிரிக்காத சிரிப்பா?) எந்தக் கம்பனியிலும் சேராமல் தன்பாட்டில் மேடை ஏறுகிறவரைச் சுயாதீன வீரர் என்று சொல்வார்களாம். அப்படிப் பார்த்தால் என்னைவிடச் சுயாதீனமான ஆளை உலகத்தில் காண முடியாது. வேலணைத் தீவு முழுவதற்கும் நான் ஒருவன்தான். எதிராளியே கிடையாது, ஆகவே சாம்பியனும் நான்தான்.

அப்போது முப்பத்தைந்து வயது இருக்கும். சரவணையில் எங்கள் பெரிய வீட்டில் தனியே இருந்தேன். அக்காமார் எல்லோரும் கனடாவில். "வீட்டைப் பார்த்துக்கொள்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நானும் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன், வீடும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. பகலில் லான்ட்மாஸ்ரர் என்கிற கை உழவு இயந்திரத்தில் எருவும் மணலும் ஏற்றி இறக்குவேன். (அது போடுகிற சத்தத்தில் ஒருவரோடும் கதைக்க ஏலாது.) பின்னேரமானால் ரீவியில் மல்யுத்தம். அவர்கள் பேசுகிற ஆங்கிலம் விளங்காததால் சத்தத்தை நிறுத்திவிட்டு இரண்டு பேருக்கும் நானே தமிழில் கதைப்பேன். சில நாட்களில் அந்த வீட்டில் கேட்ட மனிதக் குரல் அது மட்டும்தான்.

என்னுடைய பாணி மூன்று பேரிடம் எடுத்தது. அவர்களுடைய சொந்தப் பெயர் தெரியாது, நானே பெயர் வைத்தேன். ஒருவன் வாய்க்காரன். சண்டைக்கு முன்னமே மைக்கைப் பிடித்து, விரலை நீட்டி, எதிராளியின் பரம்பரையையே இழுத்துப் பேசுவான். இன்னொருவன் வௌவால். முகமூடி போட்ட சின்ன மனிதன், கயிற்றின் மேல் ஏறி நின்று பறப்பான்.

மூன்றாவது ஆள்தான் என் குரு. அவருக்குத் தோல்வி அண்ணை என்று பெயர் வைத்திருந்தேன். கிழமைக்குக் கிழமை தோற்பதுதான் அவருடைய உத்தியோகம். தட்டினால் போதும், பனை சரிந்ததுபோல விழுந்து துடிப்பார். அவர் விழுகிற அழகில்தான் மற்றவன் வீரனாகத் தெரிவான். எல்லாம் முடிந்த பிறகு வெளிச்சம் முழுக்க வென்றவன் மேல் இருக்கும். இவர் இடுப்பைப் பிடித்தபடி ஓரமாக, தனியே நடந்து போவார். கமரா அவரைப் பார்க்காது. நான் பார்ப்பேன்.

ஒரு பின்னேரம் வளவில் வைக்கோலைப் பரப்பி, குருவைப்போலத் துடித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து எரு விலை பேச வந்தார் பக்கத்து ஊரான சுருவிலைச் சேர்ந்த தவராசா. (ஆள் ஆறடி, மாட்டைத் தோளில் தூக்கக்கூடிய உடம்பு. ஆனால் கோழி குறுக்கே வந்தாலும் நின்று வழிவிட்டுப் போகிற குணம்.) என்னைக் கண்டதும் ஓடிப்போய் மண்வெட்டியை எடுத்து வந்து என் கையில் திணித்தார். வலிப்பு வந்தவரின் கையில் இரும்பு கொடுக்க வேண்டுமாம்.

"விடாதையும் காணும், இறுக்கிப் பிடியும்!"

"எனக்கு வலிப்பில்லை. நான் தோற்கப் பழகிறன்."

தவராசா வைக்கோலில் குந்தினார். "அதுக்கும் பழகோணுமோ? எனக்கெண்டால் தானாவே வருது."

நான் விளக்கம் சொன்னேன். ஆர் வெல்லுவது என்று இரண்டு பேரும் முதலே பேசி வைப்பார்கள், அடிப்பவர் நோகாமல் அடிப்பார், வாங்குபவர் நொந்தது மாதிரி விழுவார் என்று.

அவர் ஒரு வைக்கோலை எடுத்துப் பல்லில் கடித்தார். "உதில கிடக்கிற ஒற்றுமையை நான் ஒரு குடும்பத்திலயும் காணேல்லை."

அடுத்த நாளும் வந்தார். அதற்கடுத்த நாளும் வந்தார். மாடு கட்டிவிட்டு வருவார், இருட்டும்வரை உருளுவோம், பிறகு பால் விடாத பிளேன்ரீ குடித்துக்கொண்டு ஊர்க்கதை. ஒவ்வொரு அடிக்குப் பிறகும் "நொந்ததோ?" என்று கேட்பார். அம்மா போன பிறகு என்னிடம் அப்படிக் கேட்க ஆள் இருக்கவில்லை. அந்தக் கேள்விக்காகவே "இன்னொருக்கா அடியும்" என்பேன்.

எனக்கு ஒரு பயம் இருந்தது. விளையாட்டு அலுத்துப்போனால் தவராசா வராமல் விட்டுவிடுவாரே! மேடை ஏறி நாலு பேர் கைதட்டினால் பயிற்சி என்று சொல்லித் தினமும் கூப்பிடலாம். எனவே பொங்கல் விளையாட்டுப் போட்டியில் ஓர் இடம் கேட்டேன். போட்டி நடத்துகிற கழகச் செயலாளர், "கயிறு இழுத்தல் முடிய ஏதோ கூத்துக் காட்டுங்கோ" என்று சம்மதித்தார். விசயம் தெரிந்த ஒரே ஆளான அவர், அன்றைக்கென்று பிரதம விருந்தினரைக் கூட்டிவர ஊர்காவற்றுறைத் துறைக்குப் போய்விட்டார்.

"முதலே சனத்துக்குச் சொல்லிப்போட்டுச் செய்வமே?" என்று தவராசா கேட்டார்.

"ரீவியில ஆரும் சொல்லுறேல்லை" என்றேன், பெரிய நிபுணன் மாதிரி.

அதோடு விட்டேனா? அவருக்கும் தெரியாமல் வாய்க்காரனின் பாணியைச் சேர்த்தேன். மைதானத்தின் நடுவில் நின்று மைக்கைப் பறித்தேன்.

"தவராசா! நீர் எனக்குச் செய்த துரோகத்தை மறந்துபோனீரோ? இண்டைக்குச் சபையில வைச்சுத் தீர்க்கிறன்!"

ஐஸ்பழக்காரர்கூட மணியைக் கையால் பொத்திக்கொண்டார். தவராசாவின் முகம் கறுத்தது. "நான் என்ன காணும் செய்தனான்?" என்றார், அழாக்குறையாக.

அடுத்தது வௌவால். மைதானத்துக்குக் கொண்டுவந்திருந்த என் லான்ட்மாஸ்ரர் பெட்டியில் ஏறி நின்று பாய்ந்தேன். எனக்கு நோகக்கூடாதே என்று அந்த நல்ல மனிதர் விலகி நின்றார். வாய் நிறைய மணலோடு கிடந்த என்னைத் தூக்க ஓடி வந்தவரிடம் "அடியும், அடியும்" என்று குசுகுசுத்தேன். அவர் நெஞ்சில் மெல்லத் தட்டினார். உடனே நான் குருவை நினைத்து ஓர் அலறல் அலறினேன் பாருங்கள்! என் மல்யுத்த வாழ்க்கையில் ஒழுங்காகச் செய்த காரியம் அது ஒன்றுதான். அதுதான் எல்லாவற்றையும் கெடுத்தது.

"ஐயோ, பொடியனைக் கொல்லுறான்!" என்று பெண்கள் பக்கம் குரல் கிளம்பியது.

எங்கள் ஊரில் அடிபாடு என்றால் யாரும் கைதட்ட மாட்டார்கள், ஓடி வந்து இரண்டு பேரையும் பிரித்து விலக்குப் பிடிப்பார்கள். ஊர்க் காணிக் கணக்கெல்லாம் பார்த்து இளைப்பாறிய விதானையார் கதிரையைத் தள்ளிக்கொண்டு முன்னால் பாய, பின்னால் கயிறு இழுத்த இரண்டு அணியும் வந்தது. ஓர் அணி தவராசாவை அமத்திப் பிடித்தது. மற்றது என் மேல் ஏறி இருந்தது.

"விடுங்கோ, இது விளையாட்டு!" என்று கத்தினேன்.

"மைக்கில துரோகம் எண்டு சொன்னதும் விளையாட்டோ?" என்றார் விதானையார்.

"அது சும்மா சொன்னது."

"பாத்தியளே, அடி வாங்கியும் காட்டிக்குடுக்கிறானில்லை. தகப்பன்ர குணம்."

தவராசா உண்மையைச் சொன்னார். "அவர்தான் என்னை அடிக்கச் சொன்னவர்."

சனம் என்னைத் திரும்பிப் பார்த்தது. பிறகு ஒரு பெண்குரல், "தனிய இருக்கிற பிள்ளையல்லோ, என்ன விரக்தியோ" என்றது. மணலில் விழுந்தபோது நோகாத இடம் ஒன்று அப்போது நொந்தது.

"வேலிப் பிரச்சினைதானே?" என்று கேட்டார் விதானையார்.

"ஐயா, அவர் சுருவில், நான் சரவணை. எங்களுக்கெங்க வேலி?"

அவர் கண்ணை மூடித் திறந்தார். "உம்மட தகப்பன்ர பெரியம்மாவின்ர சீதனக் காணி ஒரு துண்டு சுருவில்ல கிடக்கு. தெற்கெல்லை ஆரின்ர? தவராசாவின்ர மாமன்ர!"

"ஓ..." என்றது சனம். எனக்கு அப்படி ஒரு காணி இருப்பதே அன்றைக்குத்தான் தெரியும்.

பிள்ளையார் கோயிலுக்குக் கூட்டிப் போனார்கள். ஒருவர் வளவில் ஒருவர் கால் வைப்பதில்லை, முகம் கொடுத்துக் கதைப்பதில்லை என்று கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்வித்தார்கள். எல்லாம் என் நன்மைக்குத்தான். தவராசா சாமிக்குப் பயந்த மனிதர், சத்தியம் என்றால் சத்தியம்தான். சில நாள் பொறுத்து அவர் வீட்டுப் படலையடியில் போய் நின்றேன். என்னைப் பார்க்காமல் பசுவிடம் கேட்டார்: "நெஞ்சு நோ மாறிட்டுதாமோடி?" நானும் பசுவிடம், "ஓம், மாறிட்டுது" என்றேன். மனைவி வந்து அவரை உள்ளே இழுத்துக்கொண்டு போனா.

அதற்குப் பிறகு ஊரே சேர்ந்து எங்களைக் காப்பாற்றியது. பஸ்ஸில் அவர் முன்னால் இருந்தால் கொண்டக்டர் என்னைப் பின்னால் அனுப்புவார். செத்த வீட்டில் அவர் வருகிறார் என்றால் யாரோ என்னை அவசரமாகத் தேங்காய் உரிக்கக் கூப்பிடுவார்கள். இவ்வளவு அன்பாக ஒருவனைத் தனியனாக்க எங்கள் ஆட்களால்தான் முடியும்.

வருடங்கள் போய், தவராசாவின் மகளுக்குக் கலியாணம் வந்தது. எனக்கும் சொல்லி அனுப்பியிருந்தார். ஊர்காவற்றுறை மண்டபத்தில் கடைசி வரிசைக் கதிரையில் இருந்தேன். கலியாணத்தை அக்காமார் கனடாவில் போனில் நேரடி வீடியோவாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தாலி கட்டி முடிந்ததும் தவராசா மணவறையடியில் இருந்து நேரே என்னை நோக்கி வந்தார். கதைக்கக்கூடாது என்றுதான் சத்தியம். அவர் கதைக்கவில்லை. இரண்டு கையாலும் என்னைக் கட்டிப்பிடித்தார்.

"பிடியுங்கோ, பிடியுங்கோ, துவங்கியிட்டாங்கள்!" கைத்தடியோடு முதலில் ஓடி வந்தவர் அதே விதானையார்தான். நாலு பேர் தவராசாவை இழுத்தார்கள், நாலு பேர் என்னை இழுத்தார்கள். அவர் விடவில்லை. பாயசம் கொட்டியது, என் சால்வை மேளகாரரின் தலையில் போய் விழுந்தது.

கனடாவில் அந்த வீடியோ பார்க்காத சொந்தக்காரர் இல்லை. எங்கள் குடும்பத்தில் இப்போது யார் யாரைக் கட்டிப்பிடித்தாலும் பின்னால் இருந்து ஒருவர், "ஓடி வாங்கோ, விலக்குப் பிடியுங்கோ!" என்று கத்த வேண்டும். அது சட்டம். போன வருடம் பெரியக்கா வந்தபோது கட்டுநாயக்கா விமான நிலையத்தில் என்னைக் கட்டிக்கொண்டா. அவவின் பிள்ளைகள் ஒரே குரலில் கத்தினார்கள். காவலாளி ஒருவர் உண்மையாகவே பதறி வந்தார். அக்கா சிரித்துச் சிரித்துக் கையை எடுத்தா. நான்தான் கொஞ்சம் பிந்தி எடுத்தேன்.