மாமனாரைச் சுற்றிய ஐந்தருவிக் குடம்

மாமனாரிடம் நல்ல பெயர் வாங்க நினைக்கும் மருமகன் வெறுங்கையோடு போவதே நல்லது. நான் குடத்தோடு போனேன்.

கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு மண்பாண்டம் செய்யப் போனவன் நான். போலீஸில் இருந்து ஓய்வு பெற்ற மாமனார் அதை ‘அந்தச் சோலி’ என்பதோடு நிறுத்திக்கொள்வார். நெஞ்சில் ஆபரேஷன் முடிந்து வந்த கையோடு, குற்றாலத்தில் கட்டிய புது வீட்டுக்குப் பால் காய்ச்சினார். இதுதான் சமயமென்று ஒரு குடம் வனைந்தேன். இடுப்பில் ஐந்து துளைகள்; தண்ணீர் நிரப்பித் திறந்துவிட்டால் ஐந்தருவி. (சென்னையில் பார்த்தவர்கள், “தியானம் பண்ணத் தோணுது” என்றார்கள். ஒருவராவது இழவு வீட்டுக்குப் போயிருக்கக் கூடாதா?)

அன்று சாரல். பகலிலேயே வீடு இருட்டிக் கிடந்தது, கரண்டும் இல்லை. ஹால் நடுவில் மாமா நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். வெள்ளை வேட்டி, கழுத்தில் யாரோ போட்ட மாலை.

துளைகளைப் பச்சைக் களிமண்ணால் அடைத்து, குடம் நிறையத் தண்ணீர் ஊற்றியிருந்தேன். (தண்ணீரில் அது கரையும் என்பது இந்தத் தொழிலின் முதல் பாடம்.) கனம் தாங்காமல் குடத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டு, வைக்க இடம் தேடி மாமாவைச் சுற்றி நடந்தேன். எங்கும் சீர்த்தட்டுகள். முதல் சுற்றில் ஒரு துளை திறந்தது. அடுத்த சுற்றில் இன்னொன்று. தண்ணீர் எனக்குப் பின்னால் கோடு போட்டுக்கொண்டே வந்தது. குறுகிய வாய் வழியே காற்றை இழுத்த குடம், “ஊ...ம்” என்று நீளமாக முனகியது.

அந்த நேரம் பார்த்து ஆலங்குளத்திலிருந்து வந்திறங்கிய மாமாவின் தங்கை, வாசலில் நின்று எங்களைப் பார்த்தார்.

“ஏ எங்கண்ணே... ஒரு வார்த்த சொல்லாமப் போயிட்டியே!”

என் கை நழுவியது. மூன்றாவது சுற்று முடிந்த இடத்தில் குடம் எனக்குப் பின்னால் விழுந்து சிதறியது. சுடுகாட்டில் செய்யவேண்டியதை ஒன்று விடாமல், உயிரோடிருக்கும் மனிதருக்குச் செய்து முடித்திருந்தேன். பயத்தில் திரும்பிப் பார்க்கவும் இல்லை. (அதுவும் முறைப்படிதான்.)

மாமா மெல்லக் கண்ணைத் திறந்தார். தன் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தார். பிறகு பக்கத்தில் நின்ற என் மாமியாரிடம் கேட்டார்:

“ஏட்டி, நா இருக்கேன்லா?”

மாமியார் அவர் கையைக் கிள்ளிப் பார்த்துவிட்டுத்தான், “இருக்கிய, இருக்கிய” என்றார்.

மாமா இன்றும் கல்லுப்போல இருக்கிறார். ஆனால் நான் வீட்டுக்குள் நுழைந்தால் சட்டென்று எழுந்து, முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்பார்; நான் கிளம்பும்வரை உட்காரமாட்டார். விஷயம் தெரியாத தென்காசிக்காரர்கள் பேசிக்கொள்கிறார்கள்:

“மருமவனுக்கு என்ன மருவாதி குடுக்காரு, பாத்தியாலே!”