தோரியத்தின் பவுடர் டப்பா

பயணிகளின் செருப்பிலிருந்து உதிர்ந்த மணலைப் பெருக்கி, கடலுக்கே திருப்பிக் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஆட்டோக்காரன் உலகத்திலேயே எங்கள் தக்கலையில் மட்டும்தான் இருக்கிறான். ஸ்டாண்டில் அவனுக்குப் பெயர் தோரியம். பெற்றோர் வைத்த பெயரை, கூடப் படித்த நானே மறந்துகொண்டு வருகிறேன்.

மண்டைக்காடு கடற்கரையில் ஏறியவர்கள் இறங்குமுன் அவன் ஆட்டோவுக்குள்ளேயே செருப்பைத் தட்டியாக வேண்டும். விழுந்ததை ஒரு பவுடர் டப்பாவில் சேர்த்து, அடுத்த சவாரியில் கரையில் கொட்டுவான்.

“ஏலே, ஒனக்கு வட்டு, கிறுக்கு ஏதும் பிடிச்சிருக்கா?” என்று ஒருநாள் கேட்டேன்.

“மக்கா, இந்தக் கறுத்த மண்ணுல தோரியம் கெடக்கு. யுரேனியம் நம்ம நாட்டுல கொஞ்சந்தான். இது கொள்ளையா கெடக்கு. இதுல கரண்டு எடுத்தா காஷ்மீர் வரைக்கும் லைட்டு எரியும்.”

“பின்ன ஏன் எரியல?”

“பச்ச வெறகுல்லா! தானா பத்தாது. வேற அணுவ வச்சு மூட்டணும். பைய பத்தும்.”

சொல்லும்போதே அவன் கண் எங்கோ போய்விடும். கூடவே ஆட்டோவும் போய்விடும். ஒருமுறை பல் ஆஸ்பத்திரிக்கு ஏறியவரைக் கடற்கரையில் கொண்டு நிறுத்தினான். பாவம், அவர் கன்னத்தைப் பிடித்தபடி கொஞ்சநேரம் காற்று வாங்கிவிட்டு வந்தார்.

இவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? வந்த வரனெல்லாம் தட்டிப்போய், வயது நாற்பதை நெருங்கிவிட்டது. கடைசியாகச் சிதறாலில் ஒரு பெண், தையல் கடை வைத்திருப்பவள். தோரியத்தைப் பற்றி வாயைத் திறக்கமாட்டேன் என்று அவனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு நானும் பெண் பார்க்கக் கூடப் போனேன்.

விசேஷம் என்று முற்றத்தில் புதுமணல் விரித்திருந்தார்கள். கறுகறுவென்று மினுங்கியது. குனிந்து ஒரு பிடி அள்ளினான்.

“மாமா, இது கடல் மண்ணுல்லா? திருப்பிக் கொண்டு போடணும்.”

பெண்ணின் அப்பா முகம் போன போக்கில், நான் கழற்றிய செருப்பை மறுபடி மாட்டத் தொடங்கினேன்.

அவள் வெளியே வந்தாள். தரகர் எல்லாம் சொல்லியிருப்பார் போல.

“அந்தக் கரண்டு நம்ம காலத்துல வருமா?”

“வராமலும் போவும்” என்றான், பொய் சொல்லத் தெரியாத பாவி.

“பொறவு என்னத்துக்கு இந்தப் பாடு?”

“எப்பமாவது வரும்லா. அன்னைக்கு மண்ணு இருக்கணும்லா.”

அவள் சிரிக்கவில்லை. உள்ளே போய் வாளியும் சிரட்டையும் எடுத்துவந்தாள். “அள்ளுங்க. நானும் பிடிக்கேன்.”

இப்போது ஆட்டோவில் இரண்டு டப்பா. பொழுது சாயும்போது இருவரும் மணலைக் கொட்டிவிட்டு, தொலைவில் ஏதோ ஊரில் விளக்கு எரிவதைப் பார்ப்பதுபோல அலையைப் பார்த்து நிற்பார்கள். இங்கே கரண்டு இன்னும் போய்ப்போய்த்தான் வருகிறது. ஆனாலும் கடற்கரைக்குப் போய்வந்தால், என் செருப்பில் உதிர்வதைக் காகிதத்தில் மடித்து அவனிடம் கொடுத்துவிடுகிறேன். தோரியத்தில் எனக்கு நம்பிக்கை உண்டா என்று கேட்காதீர்கள். அவன்மேல் எனக்குக் கொள்ளைப் பிரியம்.