சூரியனின் முகம் மறையாத கிரகணம்

பிப்ரவரி ஒன்பதாம் தேதி காலை பத்தரை மணிக்கு, எங்கள் பள்ளிக் கலையரங்கின் பன்னிரண்டு ஜன்னல்களும் கறுப்புத் துணியால் மூடப்பட்டன. அறிவியல் கல்வியின் வரலாற்றை இனி அதற்கு முன், அதற்குப் பின் என்றுதான் பிரிக்க வேண்டும்.

அன்று சூரிய கிரகணம். பதினொன்று ஐந்துக்குத் தொடங்கிப் பன்னிரண்டே காலுக்கு முடியும். அதை ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் நடனமாட, காணொளியாக்கி அன்றே வெளியிடுவதென்று 'படைப்பாக்க அறிவியல் குழு' ஒருமனதாகத் தீர்மானித்திருந்தது. செயலாளர் நான்.

நிலாவாக ஆடும் சிறுமி, வெள்ளித்தாள் உடையோடு, தானே ஊசித்துளை போட்ட அட்டைப்பெட்டி ஒன்றையும் வைத்திருந்தாள்.

"மிஸ், அஞ்சு நிமிஷம் வெளியில போய்ப் பார்த்துட்டு வரட்டுமா? இதுல சூரியன் கடிச்ச பிஸ்கட் மாதிரி விழுமாம்."

"ஓடிப் போய்ட்டு வா," என்றார் அறிவியல் ஆசிரியை.

நடன ஆசிரியர் கதவை மறித்தார். "மேக்கப் வேர்த்துடும்! நிலா இல்லாம கிரகணம் எப்படிம்மா நடக்கும்?"

"வெளியில நடந்துக்கிட்டுதான் சார் இருக்கு."

"அதுல லைட்டிங் சரியில்ல பாப்பா," என்றார் வீடியோக்காரர்.

சூரியனாக ஆடியது பள்ளித் தாளாளரின் பேத்தி. நிலா அவளுக்கு முன்னால் வந்ததும் தாளாளர் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"என் பேத்தி மூஞ்சியே தெரியலையே! அந்தப் பொண்ணைப் பின்னாடி போகச் சொல்லுங்க."

"ஐயா, நிலா முன்னாடி வந்தாத்தான் கிரகணம்," என்றார் அறிவியல் ஆசிரியை.

"பின்னாடி போனா என்ன குறைஞ்சுடும்? கொஞ்சம் அனுசரிச்சுப் போகணும்மா."

குழு நின்றபடியே கூடியது. 'பார்வையாளர் நலன் கருதி' நிலாவைப் பின்னால் அனுப்பும் தீர்மானம் நிறைவேறியது. எதிர்ப்பு ஒன்றே ஒன்று. அதை 'ஆலோசனை' என்று பதிவு செய்தேன்.

பதினான்கு முறை எடுத்தோம். பதினான்கு முறையும் நிலா பின்னால் போனாள், கண்ணைக் கதவின் மேல் வைத்தபடி. பன்னிரண்டரைக்குக் கதவு திறந்ததும் பெட்டியோடு ஓடினாள். அட்டையில் சூரியன் முழு வட்டமாக விழுந்தது.

"அடுத்தது எப்போ மிஸ்?"

"நம்ம ஊர்லயா? பதினோரு வருஷம் ஆகும்."

"அப்ப நான் காலேஜே முடிச்சிருப்பேன்!"

காணொளியை ஒரு லட்சம் பேர் பார்த்தார்கள். அறிவியல் ஆசிரியை நூலகத்துக்கு மாற்றப்பட்டார். ஆண்டுத் தேர்வில், கிரகணத்தின்போது நிலா எங்கே இருக்கும் என்று கேட்டிருந்தோம். விடைக் குறிப்பைக் காணொளியைப் பார்த்து நானே தயாரித்தேன். முப்பத்தொன்பது பிள்ளைகள் முழு மதிப்பெண் பெற்றார்கள். 'சூரியனுக்கும் பூமிக்கும் நடுவில்' என்று எழுதியவள் நிலாவாக ஆடிய சிறுமி மட்டும்தான். அவளுக்குப் பூஜ்யம் போட்டோம்.